அழகுமலைமீது நான் எழுதிய புகார்

1985ஆம் ஆண்டு சூலை மாதம் 14ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை.

என் குறை இது: ஒருவர்மீது நான் தவறாக எழுதிய புகாரைத் திரும்பப் பெற எனக்கு வழியில்லை. மே மாதம் இருபதாம் நாள், மதுரையிலுள்ள குளிரூட்டிக் கடை ஒன்றுக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். அதில் எழுதியது பொய் என்று அறிந்தபின் மூன்று கடிதங்கள் எழுதிவிட்டேன். முதலிரண்டுக்கும் விடையில்லை. மூன்றாவதற்கு, 'தங்கள் பகுதிக்கு வேறு ஆள் நியமிக்கப்பட்டுள்ளார்; தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. என் குறை தீர்ந்துவிட்டதாம். என்னால் வேலையிழந்த அழகுமலையின் குறையைத் தீர்ப்பது யாருடைய பொறுப்பு என்று அந்த அட்டையில் அச்சடிக்கவில்லை.

போடிநாயக்கனூரில் குளிரூட்டி பொருத்திய வீடுகள் என் வீட்டையும் சேர்த்துப் பதினொன்று. பத்து வீடுகள் ஏலக்காய் வியாபாரிகளுடையவை. பதினொன்றாவது, ஓய்வுபெற்ற பள்ளியாசிரியனாகிய என்னுடையது. சென்ற ஆண்டுச் சித்திரை வெயிலில் என் மனைவி சுருளியம்மாள் அடுப்படியில் மயங்கி விழுந்து, நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். கோடையில் அவள் உடல் சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மஸ்கட்டில் வேலைபார்க்கும் எங்கள் மகன் ராஜாராம் விடுப்பில் வந்தபோது இந்த இயந்திரத்தை வாங்கி, தெற்கு அறைச் சன்னலில் பொருத்திவிட்டுப் போனான்.

பதினொரு வீட்டு இயந்திரங்களையும் பார்த்துக்கொள்ள அந்தக் கடை அமர்த்தியிருந்தவர்தான் அழகுமலை. முப்பது வயதிருக்கும். வந்தவுடன் திருப்புளியை எடுக்கமாட்டார். முதலில் வீட்டுக்குப் பின்புறம் போய், இயந்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு உள்ளே வந்து, காற்று வெளிவரும் இடத்தில் புறங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். உள்ளிருக்கும், கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி எப்படி முனகுகிறது என்று கேட்பார். இவை முடிந்தபின்புதான் முகப்பைக் கழற்றுவார். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஏனெனில் புகாரில் இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

இவ்வாண்டு ஏப்ரல் மாதம் பத்தாம் நாள் தொல்லை தொடங்கியது. ராசிங்காபுரத்தில் எனக்குச் சிறிது நிலம் உண்டு. அங்கே கிணறு ஆழப்படுத்தும் வேலை நடந்ததால், நாள்தோறும் காலைப் பேருந்தில் போய் மாலை ஐந்து மணிக்குத் திரும்புவேன். அன்று திரும்பியபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் மட்டும் இல்லை. அழகுமலை வந்து முகப்பைக் கழற்றினார். உள்ளே இருந்த செப்புச் சுருளின்மேல் வெள்ளையாகப் பனிக்கட்டி படர்ந்திருந்தது. குளிர்விக்கும் இயந்திரம் பனிக்கட்டியால் அடைபட்டு வெப்பத்தைத் தருவது எனக்கு நகைப்புக்குரியதாகத் தோன்றியது. காற்றுப் போகும் வழி அடைபட்டால் இப்படித்தான் உறையும் என்று அவர் சொல்லி, அமுக்கியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டார். பனி உருகியது. காற்றை வடிகட்டும் வலையைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கழுவிப் பொருத்தினார்.

ஒன்பது நாள் கழித்து மீண்டும் அதே பழுது. ஆறு நாளில் மூன்றாம் முறை. அன்று அவரிடம் காரணத்தை வற்புறுத்திக் கேட்டேன்.

"தூசி சார். இந்த வலையத் தெனம் கழட்டித் தட்டணும். சாயங்காலம் வந்ததும் ஒருக்கப் பாத்துருங்க."

இயந்திரத்துடன் வந்த கையேட்டை எடுத்துக் காட்டினேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்று அதில் தெளிவாக இருந்தது.

"அந்தப் புஸ்தகம் போட்டவரு போடிக்கு வந்திருக்கமாட்டாரு, சார்" என்று சொல்லிவிட்டு, என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்காமல் தலை குனிந்துகொண்டாள்.

மூடிய அறை, ஒரு நோயாளி மட்டும் படுத்திருக்கும் அறை. அங்கே தூசி எங்கிருந்து வரும்? மேலும், அவர் வரும்போதெல்லாம் சுருளியம்மாள் ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லி என்னைக் கூடத்துக்கு அனுப்பியதையும், அவர்கள் இருவரும் தணிந்த குரலில் பேசியதையும் கவனித்திருந்தேன். அப்பாவியான அவளிடம் எதையோ சொல்லி ஏய்க்கிறார் என்று முடிவு செய்தேன். மே மாதத்தில் ஐந்தாம் முறையாக இயந்திரம் உறைந்தபோது என் பொறுமை முடிந்தது. பழுது வந்த நாள், நேரம், மின்னழுத்தம் அனைத்தையும் குறித்து, 'மீண்டும் மீண்டும் அழைக்கப்பட வேண்டும் என்னும் நோக்கத்தோடு இவர் இயந்திரத்தை வேண்டுமென்றே பழுதாக்குகிறார்' என்று எழுதி அனுப்பினேன். அத்தோடு நிறுத்தினேனா? இல்லை. வியாபாரிகளின் வீட்டுப் பிள்ளைகளில் பலர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் தலையைக் கண்ட இடத்திலெல்லாம் எச்சரித்தேன்.

பத்து நாளில் கடை அவரை நீக்கியது. செய்தி எனக்கு வந்தபோது மனநிறைவு அடைந்தேன் என்பதையும் மறைக்கமாட்டேன்.

சூன் முதல் வாரத்தில் இயந்திரம் மறுபடியும் உறைந்தது. நான் பேருந்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை; அழகுமலைக்குச் சொல்லியனுப்பும்படி சுருளியம்மாள் கேட்டாள். அவன் இனி வரமாட்டான் என்று சொல்லி, புகாரின் படியை எடுத்து வந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பத்தி முடியுமுன் என் கையிலிருந்த தாளை அவள் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க. அந்தப் பய ஒரு தப்பும் பண்ணல. நாந்தேன் பண்ணேன்."

எங்கள் தெருவில் பெண்கள் பலர் வியாபாரிகளிடமிருந்து ஏலக்காய் மூட்டையை வீட்டுக்கு வாங்கி வந்து, காம்பும் சருகும் நீக்கி, வெடித்த காயையும் சொறிக்காயையும் பொறுக்கித் தரம் பிரித்துக் கொடுப்பவர்கள். அடுத்த வீட்டு மூக்கம்மாளும் இன்னும் ஐந்து பேரும், நான் பேருந்து ஏறியவுடன் எங்கள் தெற்கு அறைக்கு மூட்டையோடு வந்துவிடுவார்களாம். நான் வருமுன் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போய்விடுவார்களாம். மாலையில் அந்த அறையில் ஏலக்காய் மணந்தது உண்மை. போடியில் எந்த வீட்டில் அது மணக்கவில்லை? நான் ஐயுறவேயில்லை.

"பேன் போட்டாச் சருகு பறக்கும்னு அவளுக வேக்காட்டுலயே ஒக்காந்து பொறுக்குறாளுக. நான் மட்டும் குளுகுளுன்னு தனியாக் கெடக்கேன். இங்கிட்டுத்தேன் காத்தே இல்லையே, வாங்கடின்னு கூப்புட்டேன். மூக்கம்மா மொறத்துல பொடச்சுக்கூடப் பாத்தா, ஒரு சருகு ஆடல. அந்த மிஷினு சத்தமில்லாம உள்ள இழுக்கும்னு நாங்க என்னத்தக் கண்டோம்?"

"அழகுமலைக்குத் தெரியுமா?"

"மொத நாளே வலையில சருகக் கண்டுட்டான். 'ஆத்தா, இங்க என்ன சோலி நடக்குது'ன்னான். சாருக்குத் தெரிஞ்சா அவளுகள விரட்டிருவாரு, சொல்லிராதப்பான்னு கையப் பிடிச்சேன். சரி ஆத்தான்னான்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீகளா?"

விட்டிருக்கமாட்டேன். நோயாளியின் அறையில் ஆறு பேருக்கு என்ன வேலை என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். அவளுக்குப் பகல் முழுவதும் பேச ஆளில்லை என்பது எனக்குத் தோன்றியிருக்காது. ஆயினும் அவள்மீது எனக்குச் சினம் உண்டு, இன்றும் உண்டு. தன் பொருட்டு ஒருவர் வாய்மூடி நிற்பதை அவள் அறிந்திருந்தாள். நான் புகார் எழுதியதை அவள் அறியாள் என்பதே அவளுக்குள்ள ஒரே சமாதானம். எனக்கு அதுவும் இல்லை.

மறுநாள் காலை, மலைமேலுள்ள போடிமெட்டுக்குப் போகும் ஜீப்புகள் நிற்குமிடத்தில் அழகுமலையைக் கண்டேன். தோட்டத்துக்குப் போகும் அரிசி மூட்டைகளை ஜீப்பின் மேலே ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கீழே இறங்கி, ஆத்தா நலமா, மிஷினு ஓடுகிறதா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு போயிருந்தேன். வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அப்பா."

"சொன்னேன்ல சார். தெனம் தட்டுங்கன்னு சொன்னேன். நீங்களே ஒருநா கழட்டிப் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அதுக்கு மேல நான் வாயத் தொறந்தா ஆத்தாகிட்டச் சொன்ன சொல்லு என்னாகுறது?"

அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தார். ஜீப்பு ஓட்டுநர் தவசி உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தான்: "அண்ணே, வாத்தியாருகிட்டப் பேசிக்கிட்டே கயித்த லூசா விட்றாதீக. அரிசி அடிவாரத்துல முந்தல்ல கெடக்கும், நாம மெட்டுல நிப்போம்."

கடை இல்லாவிட்டால் போகிறது, தனியாகவே எங்கள் எல்லார் வீட்டுக்கும் வந்து பாருங்கள் என்று அழகுமலையிடம் சொன்னேன்.

"உங்க வீட்டுக்கு இப்பவே வர்றேன் சார். மத்த வீடுகளுக்கு எப்படிப் போறது? கடையில நிறுத்துனதுக்குப் பெறகும் ரெண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டுல அந்தம்மா நாற்காலியப் போட்டுப் பக்கத்துலயே ஒக்காந்துக்குச்சு. 'வாத்தியாரு வீட்டுல பண்ணுனத இங்கிட்டுப் பண்ணிராத'ன்னுச்சு. கை ஓடல சார். தெரிஞ்ச வேலைதேன். ஒரு திருகாணி மறைய எந்தப் பக்கம் திருப்புறதுன்னு மறந்துபோச்சு."

அன்று மாலையே வந்து எங்கள் இயந்திரத்தைச் சரிசெய்தார். இப்போது மூக்கம்மாளும் மற்றவர்களும் என் கண்ணெதிரிலேயே வருகிறார்கள். கொல்லையில் புடைத்துவிட்டு உள்ளே வந்து பொறுக்குகிறார்கள். மாலைதோறும் வலையைக் கழற்றித் தட்டுபவன் நான்.

ஆனால் அவர் இன்னும் ஜீப்பில் மூட்டை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பத்து வீடுகளுக்கும் நான் நேரில் போனேன். எல்லாரும் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் மாணவனாகிய பொன்னுமணி, "சார், உங்களுக்கு இளகுன மனசு. அவன் பொழப்புப் போச்சேன்னு பேசுறீக" என்றான். மற்றவர்களும் ஏறத்தாழ அதையே சொன்னார்கள். நான் சொன்ன பழியை ஒரே நாளில் நம்பியவர்கள், நான் சொன்ன மறுப்பை இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்பதாண்டுகள் இவ்வூரில் பொய் சொல்லாதவன் என்று பெயரெடுத்தேன். அந்தப் பெயர் என் பொய்க்குத் துணைநின்றது. என் மெய்க்கு நிற்கவில்லை. ஆகையால்தான் இதை அச்சுக்கு அனுப்புகிறேன்.

இதைப் படிக்கும் நீங்கள் அந்தப் பத்து வீட்டாரில் ஒருவராக இருந்தால், நாளைக் காலை ஏழு மணிக்குள் ஜீப்பு நிற்குமிடத்துக்குப் போய், அழகுமலையை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். அவர் முகப்பைக் கழற்றும்போது அறையைவிட்டு வெளியே போங்கள், கதவருகில்கூட நிற்காதீர்கள்.