இருநூற்றுத் தொண்ணூறு படிகள்

முப்பது வருஷமாக நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியது என் கைதான். ஆனால் என் மனைவி போக ஆசைப்பட்ட ஒரே இடத்தில் லிஃப்ட் கிடையாது. அது எண்ணூறு வருஷத்துக்கு முன் கட்டிய கோபுரம். அதன் படம் இல்லாத காலண்டரே இல்லை. உச்சிக்குப் போக இருநூற்றுத் தொண்ணூறு படிகள்.

அவள் நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, மூன்று நாலு மாதத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் நடமாட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஒரு வாரம் வேலைக்கே போகவில்லை. எட்டாம் நாள் அவள், "அந்தக் கோபுரத்து மேல நின்னு ஒரு தடவை பாக்கணுங்க," என்றாள். சிலிண்டரோடு உள்ளே விட மாட்டார்கள். அதற்குள் ஏறியாக வேண்டும்.

நுரையீரலை என்னால் ரிப்பேர் பண்ண முடியாது. படியை எண்ண முடியும். எங்கள் கட்டடத்தில் நாலு மாடி, எழுபத்திரண்டு படிகள். நாலு தடவை ஏறினால் கணக்கு ஏறக்குறைய சரி. ஏற வேண்டியது, லிஃப்டில் இறங்க வேண்டியது, மறுபடி ஏற வேண்டியது. ஃபிளாஸ்கும் மடக்கு நாற்காலியுமாக நான் பின்னாலேயே போவேன். இரண்டாம் மாடிக்காரர், "லிஃப்ட்காரர் வீட்டுல லிஃப்டுக்கு லீவா?" என்று கிண்டலடித்தார். போய்யா என்று விட்டுவிட்டேன். மூன்று மாதத்தில் நாலு சுற்றும் ஏறிவிட்டாள்.

அடுத்த வாரம் சிலிண்டர் வருகிறது. நாளைக் காலைக்குக் கோபுரத்தில் டிக்கெட். இன்று மத்தியானம், வேலை நடுவில், நாற்காலி கொண்டுவரலாமா என்று கேட்க அங்கே போன் போட்டேன்.

"நாற்காலியா? எதிர்ல ஆள் வந்தா ஒதுங்கவே இடம் இல்ல சார்," என்றது ஒரு பெண் குரல். "வயசானவங்களா?"

"மூச்சுத் தொந்தரவு. ஆனா இருநூத்தித் தொண்ணூறு படி ஏறிப் பழகிட்டா."

"எந்தப் படியில பழகுனாங்க? இங்க ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு அடி உசரம். நல்லா இருக்கிறவங்களே பாதியில திரும்பிடறாங்க."

டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். கோபுரம் எண்பது மீட்டர் என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. எங்கள் கட்டடம் பன்னிரண்டு மீட்டர். நாலு தடவை ஏறினாலும் நாற்பத்தெட்டுதான். இரும்புக் கம்பியை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிற மடையனுக்கு இது உறைக்கவில்லை. லிஃப்ட் நின்றுபோன அன்று ஜனங்கள் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிற சமாசாரம்தான் எனக்குப் படி. அதன் உயரத்தை நான் எந்தக் காலத்தில் பார்த்தேன்?

வீட்டுக்கு ஓடினேன். நாலாம் மாடிப் படியில் கம்பியைப் பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பயிற்சியாம். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும்," என்றாள். "பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனப்ப ஏறியிருக்கேன். ரெண்டு நாள் கால் வலி."

"ஏறியிருக்கியா? அப்புறம் எதுக்குடி கேட்ட?"

"ஒரு வாரமா கட்டில் பக்கத்துலயே உக்காந்து, என் நெஞ்சு ஏறி எறங்கறத எண்ணிட்டிருந்தீங்க. பாக்கச் சகிக்கல. எண்ணறதுக்கு வேற எதையாவது குடுக்கலாம்னுதான்."

எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதைவிட என் மேல்தான் அதிகம்.

"மூணு மாசமா உன் மூச்சையெல்லாம் நான் வீணடிச்சுட்டேனே," என்று மாடிப்படி என்றும் பாராமல் அழுதேன்.

அவளுக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாள்.

"பின்ன, வேற யாருக்குன்னு அதச் சேத்து வைக்கிறது?"