தண்டவாளத் துண்டு

நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஜெர்மன் சண்டைக்கு இரண்டு பேர் போனார்கள். பெரிய துரைக்கு அடுத்த சின்னதுரை ஆபீசராகப் போனார். பங்களாவில் விருந்து, கழுத்து நிறைய மாலை, பண்டாரவளையில் கோச்சி ரயில் ஏறும் வரைக்கும் குதிரை. சடையன் பட்டாளத்துக்குக் கக்கூஸ் கழுவப் போனான். அவனுக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள்; பதுளை வரைக்கும் நடந்தே போனான்.

அவனாகவா போனான்? பட்டாளத்துக்கு இந்தத் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்று பெரிய துரை சொன்னதும் பெரிய கங்காணி யாரை அனுப்பலாம் என்று கணக்குப் போட்டார். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் கட்டுமஸ்தான ஆள் அவருடைய தங்கை மகன் தங்கவேலு. மருமகனைப் பீ அள்ள அனுப்புவாரா மனிதர்? செத்த மாடு இழுக்கிற சடையனைக் கூப்பிட்டார்.

"ஒஞ் சாதித் தொழில்தானடா. கடலுக்கு அந்தப் பக்கம் போய்ச் செய்யப்போற, அவ்வளவுதான்."

அவசரத்தில் கங்காணி ஒன்றை மறந்தே போனார். விடியுமுன் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சி, லயம் லயமாக அடித்து வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரையும் எழுப்புவதும் அந்தச் சடையன்தான். மற்றவர்கள் அந்தத் தோலைத் தொட்டால் தீட்டு. அவன் போன மறுநாள் பனிமூட்டத்தில் தோட்டமே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. பெரட்டுக்களத்தில் பாதி ஆள்கூட இல்லை. துரை கங்காணியை எல்லோர் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்தார்.

சடையன் பெண்சாதி இராக்கம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஆள் சேரும்வரை பதுளையில்தான் வைத்திருக்கிறார்கள், பிறகுதான் கப்பல் என்று வண்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அவன் இல்லாமல் தோட்டம் எழும்பாது, கூட்டிவரத்தானே வேண்டும்!

மத்தியானம் கங்காணி லயத்துக்கு வந்து எட்டவே நின்றார்.

"இராக்கு, அந்தத் தப்பக் குடு. ஒங் கொழுந்தன் அடிக்கட்டும்."

கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போனவள், கத்தியால் தோலைக் குறுக்கே கிழித்து எடுத்துவந்தாள்.

"எலி கடிச்சிருச்சு சாமி."

"எலிக்குக் கத்தி ஏதுடி?"

"அவரு வந்தாத்தான் தோலு கட்டமுடியும். பதுளையிலதானே இருக்காரு, கூப்பிட்டு விடுங்க சாமி."

கங்காணியிடம் இவ்வளவு நீளமாக அவள் ஒருநாளும் பேசியதில்லை. அவர் துரை பங்களாப் பக்கம் நடந்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள் பாவி. அன்று இரண்டு பேருக்குச் சோறு வடித்தாள்.

மறுநாள் விடியலில் கணீர் கணீரென்று ஒரு சத்தம். இராக்கம்மா வெளியே ஓடினாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கத்து மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தங்கவேலு சுத்தியலால் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இரும்புக்கு ஏது தீட்டு? லயம் மொத்தமும் எழுந்துவிட்டது.

பெரட்டில் துரைக்கு ஏக சந்தோஷம். கங்காணி அவள் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னைக்குக் கொழுந்தெடுக்கப் போவேணாம். சின்னதுரை பங்களாவக் கூட்டித் தொடச்சு வையி. வாரா வாரம் செய்யணும். சண்டையிலேருந்து தொர எப்ப வந்தாலும் அதே பங்களா, அதே உத்தியோகம். தூசி தும்பு இருக்கப்படாது."

"எங்க வீட்டு ஆளு வந்தா சாமி?"

"அவனுக்கென்ன இங்க வேல? அதான் இரும்பு இருக்கே."

இராக்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறினாள்.