பன்னிரண்டாம் பிளாக்கில் பெய்த மழை

எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி பாதி போயும் வானம் வெளுத்தே கிடந்தது. ஊர் முழுக்கப் பெய்வதை மழை மறந்துவிட்டு, நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக் பார்த்துப் பெய்யத் தொடங்கியிருந்தது. விவசாயிகள் வயிறெரிந்ததில் நியாயமுண்டு. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத சங்கரலிங்கம் அவர்களைவிட அதிகமாக எரிந்தார்.

பன்னிரண்டாம் பிளாக்கில் அவருடைய குவார்ட்டர்ஸ் கொல்லையில் சுரங்க ஆபீஸ் கொடுத்த மழைமானி நின்றது. தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. ஆபீஸ் வாசல் கரும்பலகையில் பிளாக் வாரியாக மழையும் அளந்தவர் பெயரும் வரும். அதிக மழைக்கு முதல் வரி. ஆறு வருஷம் அவர் ஆண்ட அந்த வரியை, போன வருஷம் மானி வாங்கிய ஐந்தாம் பிளாக் பரமசிவம் பிடித்துக்கொண்டுவிட்டார்.

அன்று பரமசிவத்துக்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர், இவருக்கு மூன்று. சோறு இறங்கவில்லை. நேற்று வந்த ஆளுக்கு இவ்வளவு மழையா என்று புலம்பியவரிடம் மனைவி சந்திரா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"மழை என்ன உங்க மாமன் மவனா, கூப்பிட்டதும் வாரதுக்கு? ஷிப்டுக்குக் கெளம்புங்க."

மறுநாள் விடிகாலை லேசான தூறல். சங்கரலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். மல்லிகைக்கு ஊற்ற வைத்திருந்த சொம்பை மானியின் புனலில் சாய்த்தார். பிறகு, முறைப்படி குனிந்து அளந்தார். நாற்பத்தொன்று.

முதல் வரி வந்தது. ஓர் அதிகாரி கைகூடக் குலுக்கினார்.

மூன்றாம் நாள் அதே பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மழை பொய்த்து நிலத்தடி நீர் இறங்கிவிட்டதாம். குழாய்த் தண்ணீரைக் குறைக்கிறார்களாம். நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் பெய்த பிளாக்குகளுக்குத் தேவை குறைவாம், அங்கே இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தானாம். அப்படிப் பெய்த பிளாக் ஒன்றே ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் காலிக்குடத்தோடு வந்து, கொடியில் கிடந்த துணிகூட நனையவில்லையே, அந்த மழை எங்கே பெய்தது என்று விசாரித்தாள். உண்மையைச் சொன்னால் பேர் போகும், சொல்லாவிட்டால் தண்ணீர் போகும். தண்ணீரே போகட்டும் என்று சங்கரலிங்கம் முடிவுசெய்தார். எல்லாம் புரிந்துபோன சந்திரா இரண்டு வாளிகளை அவர் கையில் கொடுத்தாள்.

தண்ணீருக்கு ஐந்தாம் பிளாக்தான் போகவேண்டியிருந்தது. பரமசிவமே குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிறையும் வரை பொறுக்க முடியாமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணாச்சி, ஒரே நாள்ல நாப்பத்தொண்ணு. உங்க பக்கம் மட்டும் எப்படி?"

பரமசிவத்தின் முகம் கறுத்திருந்தது. போன வாரம்வரை சங்கரலிங்கம் தன் சவரக் கண்ணாடியில் பார்த்த அதே கறுப்பு.

"அதுக்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேணும்லா," என்றார் சங்கரலிங்கம்.

ஏழு பிளாக் தூரம். வாளிகள் கனக்கவே இல்லை.