மேல்நோக்கிப் போட்ட போர்

எருமப்பட்டிக்குத் தெற்கே சௌந்திரத்தின் கோழிப்பண்ணையில் தண்ணீருக்காகப் போட்ட போர், பூமிக்குள் இறங்காமல் வானத்துக்குள் அறுநூறு அடி ஏறியது. துளையிடும் ராடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. வெறுங்காற்றில் பாறையைக் குடையும் சத்தம் கேட்டது, வெள்ளைத் தூள் கொட்டியது. போர் போடும் ரிக் லாரியின் முதலாளி தனசேகர் அதைப் போனில் படம் பிடித்தார். பிறகு மேலேயிருந்து தண்ணீர் வந்தது. நாலு இஞ்ச் தண்ணீர், விழுந்த இடத்தில் பள்ளம் பறித்தது. முன்பு போட்ட போர்களில் தண்ணீர் வராமல் தூசிப் புகையை மட்டுமே பார்த்திருந்த சௌந்திரம் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். வெயிலில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. இதுவும் பொய்த்திருந்தால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

காரணம் திருச்செங்கோட்டில் இருந்தது. ரிக் லாரிகளில் துளையிடுவதை நடத்தும் மென்பொருளை எழுதுபவள் சத்யபிரியா. எழுதுவது ஒன்றுதான் என்றாலும், புது லாரிகளில் ஒரு பிராசஸர், பழைய லாரிகளில் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேக்கேஜாகக் கட்டியாக வேண்டும். பழையது எண்களைத் தலைகீழ் வரிசையில் படிக்கும். புதியதில் சோதித்தாள், நன்றாக ஓடியது. பழையதில் ஓட்டிப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள்; தனசேகரின் பழைய லாரியில் கீழ் மேலாகிவிட்டது. அவசரம் யாரை விட்டது? தனசேகர் அனுப்பிய படத்தைப் போனில் பார்த்ததும் தவறு எங்கே என்று அவளுக்குப் புரிந்தது. திருத்திய பேக்கேஜோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பண்ணைக்கு வந்து இறங்கினாள். துளைக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, இதச் சரி பண்ணுனா தண்ணி என்னாகுமுங்க?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"துளை கீழ பாக்கத் திரும்பிருமுங்க."

"கீழ வெறும் பாறைதானுங்களே!"

சத்யபிரியா லேப்டாப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எல்லாப் பழைய லாரிகளையும் அப்படியே விட்டால் வானம் பொத்தலாகிவிடும். அதனால் மற்றவற்றுக்குத் திருத்தியதை அனுப்பினாள். இந்த லாரியின் கட்டுப்பாட்டுப் பெட்டியை மட்டும் தனசேகர் கழற்றி, கோழிக் கொட்டகைச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். அதில் தவறு இருக்கும்வரை தண்ணீர் இருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புதுப் பதிப்பையும் அவள் மூன்றாகக் கட்டினாள். மூன்றாவது அந்தப் பெட்டிக்கானது, தவறோடு. பருந்துகள் துளையைச் சுற்றிப் பறக்கப் பழகிக்கொண்டன. சில வருடம் கழித்து அவள் பெங்களூர் வேலைக்குக் கிளம்பியபோது, அவள் இடத்துக்கு வந்த கோகுல்ராஜ் முதல் நாளே அந்தத் தவறைக் கண்டுபிடித்து, பெருமையோடு திருத்தப் போனான். சத்யபிரியா பதறிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"அத மட்டும் தொட்டுறாதீங்க. முப்பதாயிரம் கோழி அதுலதான் தண்ணி குடிக்குது."

கோகுல்ராஜ் திரையை ஒருமுறை பார்த்தான். பிறகு தவறை அப்படியே வைத்து மூன்றாவதைக் கட்டி அனுப்பினான்.