மேனேஜரின் அக்கா

ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மேல்தட்டு காலியாகத் துடைத்துவிடப்பட்டிருந்தது. காலையில் அங்கே தம்பியின் மருந்துப் புட்டிகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால், நீல மூடி போட்ட சின்ன டப்பாவில், அவளுடைய ஊசி மருந்து இருந்தது. இப்போது கீழ்த்தட்டில் பால் பாக்கெட்டுகள்தான் இருந்தன.

"சித்தி, இங்க இருந்த மருந்தெல்லாம் எங்க?"

வந்தவர்களுக்கு டீ வடிகட்டிக்கொண்டிருந்த சித்தி திரும்பாமலே சொன்னாள். "நான்தான்டி எடுத்துப் போட்டேன். புள்ளையே போனப்புறம் அதெல்லாம் எதுக்கு? திறக்கும்போதெல்லாம் உங்கம்மா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணுமா?"

"எங்க போட்டீங்க?"

"வெளியில, குப்பைத் தொட்டியில." சித்தி அப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். வடிகட்டி கையிலேயே நின்றது. "ஐயையோ. உன்னோடதும் அதுலயா இருந்துச்சு?"

அவள் கூடத்தைக் கடந்து வாசலுக்கு நடந்தாள். கூடத்தின் நடுவில், நெஞ்சுவரை வெள்ளைப் போர்வை போர்த்தித் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். அருகில் அம்மா, முதுகு சுவரில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தேழு வயது அவனுக்கு. வீட்டில் எல்லோருக்கும் அவன் மேனேஜர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கரண்ட் பில் கட்டியாச்சா என்பது முதல் இங்கே வரும்போது அத்தான், அவள் கணவன், எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்பதுவரை உத்தரவு போடுவான். தசைகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். முதலில் கால்கள் போயின, பிறகு கைகள். கடைசியில் வலது கையில் இரண்டு விரல்கள் மிஞ்சின. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்து கொடுத்தான். "எத்தன மாப்பிள்ளைங்களுக்கு நான் தொப்பையக் கரைச்சிருக்கேன் தெரியுமா? ஒருத்தன் நன்றி சொன்னதில்ல" என்பான். இன்று காலை, முகத்தில் மூச்சுக் கருவியோடு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போய், தெருவோரத்துத் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். டீத்தூளும் காகிதக் குவளைகளும் சரிந்து விழுந்தன.

அவள் கணவன் ஓடிவந்தான். லிஃப்ட் மெக்கானிக், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் ஓடும் ஓட்டம் அது.

"என்ன தேடற?"

"என் ஊசிய."

அவன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டான். மூன்றாவதாக அவிழ்த்த பையில் நீல மூடி தெரிந்தது. அவள் டப்பாவைப் புடவையில் துடைத்துவிட்டு, அங்கேயே நின்று ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்தாள். வெயிலில் கிடந்ததா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை, நிழல். உடைந்திருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம், வழக்கமான நேரத்துக்குப் போட்டுவிடுங்கள், இன்றைக்கு விட்டால் இந்த முறை முழுக்க வீண் என்றாள்.

"என்னம்மா அது?" என்றார் மாமா.

அம்மாவின் அண்ணன். நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார். தலைவலி மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"ஊசி மாமா. குழந்தைக்காகப் போட்டுக்கறது."

மாமா அவளைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே பார்த்தார். "அவன் அங்க படுத்திருக்கான்."

"தெரியும் மாமா."

"உனக்கு எதுவும் தெரியாது. என் தம்பிய இதே சீக்குல பத்தொன்பது வயசுல தூக்கிட்டுப் போனேன். உங்கம்மா அப்ப பாவாட கட்டிக்கிட்டு நின்னா. இன்னிக்கு அவ புள்ளையத் தூக்கப் போறேன். நம்ம ரத்தம் இது. பொண்ணுங்க சுமப்பீங்க, பசங்க போவாங்க. உனக்கும் இருக்குன்னு டாக்டரே சொல்லியாச்சு. இத்தோட நிக்கட்டும்மா. இன்னொரு தடவ தூக்க எனக்குத் தோள்ல தெம்பு இல்ல."

குரல் உயரவில்லை. அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது.

"நிக்கட்டும்னுதான் மாமா இந்த ஊசியே."

"நிக்கணும்னா குழந்தையே வேண்டாம்னு இருக்கணும். இவ்வளவு பார்த்தப்புறமும் உனக்கு ஆச விடலையா?"

"விடல." அவள் டப்பாவை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு மூணு பசங்க. ஒருத்தரும் உங்கள நிக்க வச்சுக் கேள்வி கேக்கல. நான் மட்டும் ஆசப்படறதுக்கு ஊர்ல அனுமதி வாங்கணுமா?"

"மாமாகிட்ட பேசற பேச்சா இது?" என்று நாற்காலியிலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். கணவன் அந்தப் பக்கம் திரும்பினான். "அவ கேட்டதுல என்ன தப்புன்னு சொல்லுங்க. கேக்கறேன்."

சண்டை முற்றிவிடுமோ என்ற பயத்தில் சித்தி டீத் தட்டோடு ஓடிவந்தாள். நல்லது செய்யத் துடித்தால் சித்திக்கு நாக்கு நிற்காது.

"அண்ணா, நீங்க பயப்படற மாதிரி இல்ல. இப்பல்லாம் கருவ வெளியிலயே உருவாக்கி, வயித்துல வைக்கறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணிடறாங்களாம். இந்தச் சீக்கு இருக்கறத ஒதுக்கிட்டு, நல்லதா பார்த்துதான் வைப்பாங்களாம். இவளே சொன்னா. போன தடவகூட ரெண்டு..."

"சித்தி" என்றாள் அவள்.

சித்தியின் பார்வை அவளைத் தாண்டிப் போயிருந்தது. வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள்.

*

அம்மா உள்ளே திரும்பி, தம்பியின் அறைக்குப் போனாள். அவளும் பின்னாலேயே போனாள்.

கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் அடிக்கிறதென்று அவன் ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டச் சொல்லியிருந்தான். கதவு வழியாக வருவதுதான் பகல். அம்மா வெறும் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஊசி போட்டுக்கறேன்னு சொன்ன. ஒதுக்கறதச் சொல்லல."

"சொல்லல."

"அவன மாதிரி வந்தா வேண்டாம்னுடுவ."

அம்மாவிடம் பொய் சொல்ல இதைவிட நல்ல நாள் கிடைக்காது. "ஆமாம்மா."

அம்மா விரிப்பில்லாத மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"போன தடவ ரெண்டுன்னாளே."

"ரெண்டுதான் தேறுச்சு. ரெண்டுக்கும் இருந்துச்சு."

"என்ன பண்ணாங்க?"

"ஆஸ்பத்திரியிலதான் வச்சிருக்காங்க. வேண்டாம்னு சொன்னா அழிச்சிடறோம்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கு வாய் வரலம்மா."

அம்மா முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அவனுக்குத் தெரியுமா இது?"

"அவன்கிட்டதான் மொதல்ல சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

அந்த ரிசல்ட் வந்த அன்று, அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கை ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு இடது கண் லென்ஸை வலதில் பொருத்திக் கொடுத்துவிட்டு, பாதியிலேயே கிளம்பி நேராக இங்கே வந்தாள். அவன் ஒரு மணப்பெண்ணின் நெற்றியில் பளபளப்பைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

"'ரெண்டும் என் கட்சியா?'ன்னு கேட்டான்."

அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் தொடங்கியது.

"அப்புறம்?"

"நாற்காலியத் திருப்பிக்கிட்டான். சாயங்காலம்வரைக்கும் என்கூடப் பேசல. சோறு ஊட்ட வந்தா, அத்தான ஊட்டச் சொல்லுன்னான். நான் வெளியில உக்காந்து அழுதுட்டேன். கிளம்பும்போது கூப்பிட்டான். திரும்பிக்கூடப் பார்க்கல. 'அடுத்தது எப்ப?'ன்னான். அடுத்த மாசம்னேன். 'லேட் பண்ணாத, நான் மாமாவாகணும்'னான்."

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கண்களை மட்டுமல்ல, முழு முகத்தையும், வேலைக்குக் கிளம்புகிறவள்போல.

"எனக்கு அவன்தான்டி வேணும்" என்றாள். "இன்னிக்கும், நாளைக்கும். எந்த டாக்டர் வந்து என்ன சொல்லியிருந்தாலும் அவனத்தான் பெத்திருப்பேன்."

"தெரியும்மா."

"அது என் கணக்கு. அதக் கொண்டுவந்து உன் தலையில கட்டறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு? அவன் மூச்சுக்குத் தவிச்சது உனக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு என்ன தெரியும்?"

தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. ஆட்கள் எழுந்து நாற்காலிகளை இழுத்தார்கள்.

"எத்தன மணிக்குப் போடணும்?"

"இப்பதான்மா. பரவாயில்ல, நானே வண்டியில..."

"கையக் காட்டு."

அவள் காட்டினாள். விரலிடுக்குகளில் தொட்டியின் டீத்தூள் ஒட்டியிருந்தது.

"இந்தக் கையாலயா? குடு."

தம்பிக்குப் பதினைந்து வருஷமாக ஊசி போட்ட கை அது. அம்மா சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். மருந்தை உறிஞ்சி, ஊசியை நிமிர்த்தி, விரல் நகத்தால் சுண்டிக் காற்றை மேலே ஏற்றினாள். அவள் புடவையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். தொப்புளைச் சுற்றி முந்தைய நாட்களின் ஊசித் தடங்கள் கன்றியிருந்தன. அம்மா அவற்றின் நடுவே கன்றாத ஓர் இடத்தைத் தேடினாள்.

"யார் போட்டது இதெல்லாம்? லிஃப்டுக்கு ஆணி அடிக்கற மாதிரி அடிச்சு வச்சிருக்கான்."

"அம்மா..."

"சும்மா சொன்னேன். மூச்ச இழு."

அறை திடீரென்று இருண்டது. மாமா அறை வாசலில் வந்து நின்றிருந்தார். உள்ளே நடப்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வண்டி வந்தாச்சு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. இந்த நேரத்துல போய்..."

"நிக்கட்டும்" என்றாள் அம்மா. ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் என்ன சொல்றேன்னா..."

"ஊசியில கோடு தெரியல. வெளிச்சத்த மறைக்கற. நகருண்ணா."

மாமா ஓரடி பின்னால் போனார். பிறகு இன்னொரு அடி. அம்மாவின் இடது கை அவள் வயிற்றுச் சதையை மெல்லச் சேர்த்துப் பிடித்தது. ஈரம் காயாத அந்த விரல்கள் குளிர்ந்திருந்தன.