மரத்தைத் தொடாத திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கடற்கரையில் உட்கார இடம் இருக்காது. பரோட்டாக் கடையில் ஒருத்தர் சாப்பிட்டு எழுந்திருப்பதற்காக இன்னொருத்தர் தலைமாட்டில் நிற்க வேண்டும். நான் என் பட்டறைக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை விடுவேன். அன்றைக்குத் தூத்துக்குடியே வேலைக்குப் போய்விடும். ரோடு முழுக்க நமக்குத்தான்.

திரேஸ்புரம் போகிற ரோட்டில், பழைய மரச்சாமான்களைச் சரிபண்ணிப் புதுசாக்கிக் கொடுக்கிற பட்டறை என்னுடையது. பிச்சையா என்று என் பேரைச் சொல்லிக் கேட்டால் கை காட்டுவார்கள். கால் ஆடுகிற நாற்காலி, பிரம்பு அறுந்த சோபா, பாலிஷ் போய் வெளுத்த கட்டில் எல்லாம் வரும். உப்புக்காற்று அடிக்கிறவரை எனக்கு வேலைக்குக் குறைவில்லை. கீல் துருப்பிடிக்காத அலமாரி இந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் என் மனைவி முருகேஸ்வரியும் பைக்கில் கிளம்பிவிடுவோம். பதினோரு வருஷப் பழக்கம். பாஞ்சாலங்குறிச்சி, கழுகுமலை, நாசரேத், சாத்தான்குளம் என்று போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிற தூரம்தான். புளியோதரையும் துவையலும் அவள் பொறுப்பு. தண்ணீர் கேன் என் பொறுப்பு.

பார்க்கிறவர்களுக்கு இது ஊர் சுற்றல். எனக்கு அது மரம் பார்க்கிற நாள். கோயிலுக்குப் போனால் சாமிக்கு முன்னால் கதவைக் கும்பிடுவேன். கோட்டைக்குப் போனால் காவலாளி உட்கார்ந்திருக்கிற ஸ்டூலைப் பார்ப்பேன். தெருவில் நடக்கும்போது ஏதாவது வீட்டுக்குள் பழைய மேசையோ ஊஞ்சலோ தெரிந்தால் போதும், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று உள்ளே நுழைந்துவிடுவேன். தண்ணீர் வருவதற்குள் நாற்காலி தலைகீழாகக் கிடக்கும். நாற்காலியை மேலே பார்த்து ஒன்றும் தெரியாது. செய்தவன் யோக்கியனா, ஊரை ஏமாற்றுகிறவனா என்பது அடியில்தான் தெரியும். இது என் தொழில், இதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அதாவது, போன மாதம் வரைக்கும் கிடையாது.

போன மாதம் மணப்பாடு போயிருந்தோம். மணல்மேட்டுக் கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போது ஒரு வீட்டு முன்னறையில் அந்த நாற்காலியைப் பார்த்தேன். ஈட்டி மரம். கைப்பிடி வளைந்து இறங்குகிற அழகைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டம்மா உள்ளே போனார். நாற்காலியில் ஒரு போட்டோ, மல்லிகைச் சரம் போட்டிருந்தது. கீழே ஒரு மெழுகுவத்தி. நான் போட்டோவை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தேன், மெழுகுவத்தியைக் காலால் ஒதுக்கினேன், நாற்காலியைக் கவிழ்த்தேன். ஓர் ஆணிகூட இல்லாத வேலை. எல்லாம் மர முளை. நான் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தம்மா செம்போடு வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. நிமிராமலே, "இதைக் கொடுக்கிற யோசனை இருக்காம்மா?" என்று கேட்டேன். அந்தம்மாவின் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவர் உட்கார்ந்த நாற்காலி அது.

முருகேஸ்வரிதான் நாற்காலியை நிமிர்த்தினாள். போட்டோவை முந்தானையால் துடைத்துப் பழையபடி வைத்தாள். சரத்தில் இரண்டு பூ உதிர்ந்திருந்தது, அதையும் பொறுக்கி வைத்தாள். அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெளியே வந்து பைக்கில் ஏறிக்கொண்டாள். திருச்செந்தூர் தாண்டி, முக்காணியில் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மரத்தைத் தொடாம என்கூட வாங்க பாப்போம். தொட்டீயன்னா அதோட சரி. நீங்க தனியா போய்க்கிடுங்க. நான் வரமாட்டேன்."

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. சினிமாவுக்கு வரமாட்டேன் என்று இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோபத்தில் சொன்னாள், இன்னும் வரவில்லை. அவள் இல்லாமல் ஊர் சுற்றுவது என்றால் எனக்கு ஊரும் வேண்டாம், மரமும் வேண்டாம். திங்கட்கிழமையும் பட்டறையைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஆகவே அடுத்த பயணத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற சின்ன ஸ்க்ரூடிரைவரையும் உப்புத்தாளையும் எடுத்து மேசைமேல், அவள் பார்க்கிற மாதிரி வைத்தேன். அவள் பார்த்தாள்.

குலசேகரன்பட்டினத்துக்குப் போனோம். தசராவுக்கு லட்சம் பேர் வேஷம் கட்டி வருகிற ஊர், சாதாரணத் திங்கட்கிழமையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. முத்தாரம்மன் கோயிலில் கதவுப் பக்கம் திரும்பாமல் நேராக அம்மனைப் பார்த்துக் கும்பிட்டேன். அம்மனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். வெளியே வளையல் கடைக்காரர் ஒரு பழைய பெஞ்சில் பொருளைப் பரப்பியிருந்தார். பெஞ்ச் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சின்ன ஆப்பு ஒன்று வைத்தால் நின்றுவிடும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டில் போன லாரிகளை எண்ணினேன். புதிதாகக் கட்டுகிற ராக்கெட் தளத்துக்கு ஜல்லி கொண்டுபோகிற லாரிகள். பதினாலு போனது.

பிறகு கடற்கரை. ஒரு பனை நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. பத்தரை மணிக்கே புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டோம். அப்புறம் என்ன செய்வது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"காத்து நல்லா அடிக்கு," என்றேன்.

"அடிக்கு," என்றாள்.

அரை மணி நேரம் அவ்வளவுதான் பேச்சு. அவள் செருப்பு நுனியால் மணலில் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். மணி என்ன என்று மூன்று தடவை கேட்டாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அன்றைக்கு நாள் முழுக்க என் வேலை.

அப்போது அவள் போன் அடித்தது. திரையில் 'ஊஞ்சல் ஜெபசுதா' என்று இருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. இருபது நிமிஷம் பேசினாள். மகளுக்கு எப்போது பிரசவம், எந்த ஆஸ்பத்திரி, மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்துவிட்டாரா, பிள்ளைக்கு என்ன பெயர் யோசித்திருக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் விசாரித்தாள்.

"யாருளா அது?" என்றேன்.

"நாசரேத் டீச்சரம்மா. அவுக வீட்டு ஊஞ்சல் சங்கிலியை ரெண்டு மணி நேரம் பாத்தீயல்லா, மறந்துட்டா?"

எனக்குச் சங்கிலி ஞாபகம் இருந்தது. பித்தளை, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கிளி. டீச்சரம்மா முகம் ஞாபகத்தில் இல்லை. போனை வாங்கிப் பார்த்தேன். 'மூணுகால் மேசை ஜேசுபாதம் சார்', 'தொட்டில் சுஜிதா', 'கண்ணாடி பீரோ பவுல் அண்ணன்' என்று வரிசையாகப் போனது. நாற்பது பேருக்குக் குறையாது. அத்தனை சாமான்களையும் எனக்குத் தெரியும். ஆள்களில் ஒருத்தரையும் தெரியாது.

"இத்தனை பேர்கிட்டயா பேசிக்கிட்டு இருக்க?"

"நீங்க நாற்காலிக்கு அடியில கிடக்கிற நேரத்துல நான் என்ன செய்யணுமாம்? உள்ள கூப்பிடுவாக, போவேன், பேசுவேன். இன்னைக்குத்தான் ஒரு வீட்டு நடைகூட ஏறலியே."

சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தாள். எனக்குக் குழப்பமாகிவிட்டது. மரத்தைத் தொடாதே என்றதும் அவள்தான், மரம் இல்லாமல் முகம் வாடி உட்கார்ந்திருப்பதும் அவள்தான். இரண்டு மணிக்கெல்லாம் "வீட்டுக்குப் போவோம்" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. இருட்டப் போகிறது என்று நான்தான் அவளை எந்த வீட்டுச் சமையலறையிலிருந்தாவது கிளப்ப வேண்டியிருக்கும். வண்டியை எடுத்தேன். வாக்கைக் காப்பாற்றியும் அவளைத் தொலைக்கப் போகிறேன் என்றே தோன்றியது.

காயல்பட்டினம் தாண்டி, உப்பளம் தொடங்குகிற இடத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். தகரக் கூரை போட்ட சின்னக் கடை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் அலமாரி.

நான் உடனே ரோட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஆனாலும் கண் என்ன கண், ஒரு நொடியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வாகை மரம். வலது கதவு கீலிலிருந்து கழன்று தொங்கியது. இரண்டு கதவையும் சேர்த்து ஒரு நைலான் கயிற்றால் சும்மா கட்டியிருந்தார்கள். பத்து நிமிஷ வேலை. இரண்டு கீலும் எட்டு ஸ்க்ரூவும் போதும்.

முருகேஸ்வரி அலமாரியைப் பார்த்தாள். என் முதுகைப் பார்த்தாள். நான் திரும்பவில்லை.

"இந்த அலமாரி நல்லாருக்கே, உன் பேரென்னம்மா?" என்று ஆரம்பித்தாள்.

"சந்தனமாரி, மதினி. இது எங்க மாமா கடையில கிடந்தது."

"தேக்குதான?"

எனக்கு நாக்கு துடித்தது. டம்ளரைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

"கதவு தொங்குதே. எங்க வீட்டுக்காரரு இதெல்லாம் சரிபண்ணுதவருதான்," என்றாள் முருகேஸ்வரி. பிறகு என்னிடம், "ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"தொட்டா வரமாட்டேன்னு சொன்னது யாரு?" என்றேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "காலையில இருந்து பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். இப்ப பேசச் சொல்லுத. நான் என்னதான்ளா செய்யணும்?"

அவள் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். சந்தனமாரி பாலை அடுப்பில் ஏற்றுகிற சாக்கில் தள்ளிப் போனாள்.

"மரத்தைத் தொட்டதுக்கா நான் கோவப்பட்டேன்?" என்றாள் மெதுவாக. "பதினோரு வருசமா தொடுதீய, என்னைக்காவது சொல்லியிருக்கேனா? மணப்பாட்டுல அந்தம்மா நின்னு அழுதுச்சு. நீங்க நிமிந்து பாக்கலையே. அழுகச் சத்தம் கேட்டும் அந்த முளையைத்தான தடவிக்கிட்டு இருந்தீய. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் செத்தாலும் இந்த மனுசன் கட்டிலைத்தான் பாப்பாருன்னு தோணுச்சு."

நான் ரோட்டிலிருந்து அவள் பக்கம் திரும்பினேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன், கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மணப்பாட்டம்மாவின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. கையில் பிடித்திருந்த செம்புகூட வந்தது, முகம் வரவில்லை. அவமானமாக இருந்தது.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனேன். அலமாரிக்கு இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அலமாரியைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை, ஒரு கையில் தீக்காயத் தழும்பு, சிரித்த முகம்.

"தங்கச்சி, இதைச் சரிபண்ணணுமா, இப்படியே இருக்கணுமா?"

இப்படி ஒரு கேள்வியை இந்த முப்பது வருஷத் தொழிலில் நான் யாரிடமும் கேட்டதில்லை. உடைந்தது என்றால் சரிபண்ணத்தான் வேண்டும் என்பது என் கணக்கு.

அவள் யோசித்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி. கதவு சரியாயிட்டுன்னா எங்க வீட்டுக்காரரு பூட்டு போட்டுருவாரு. மிச்சரு, பிஸ்கட் எல்லாம் இதுலதான் இருக்கு. உப்பளத்துக்கு வார பொம்பளையாள்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வருவாக. அதுக கயித்தை அவுத்து ஒண்ணு ரெண்டு எடுத்துக்கிடும். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிடுவேன். அவருகிட்ட எலின்னு சொல்லியிருக்கேன்."

முருகேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணீரோடு சேர்ந்து வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை அவளுக்கு. எழுந்து வந்து சந்தனமாரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் யார் கேட்பது? உப்பளத்தில் யார் யார் வருகிறார்கள், இவளுக்கு எத்தனை பிள்ளைகள், கையில் எப்படிச் சுட்டது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நான் நின்று கேட்டேன். சுட்டது போன பொங்கலுக்கு, வெல்லப் பாகில். மூத்தவள் ஐந்தாவது படிக்கிறாள். இளையவனுக்குக் கணக்கு வராது. எனக்கும் வராது என்றேன். சந்தனமாரி எனக்கு இன்னொரு டீ போட்டாள்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். முருகேஸ்வரி போனில் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள். என்ன பெயர் போடுகிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. வண்டியை உதைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அடுத்த திங்கக்கிழமை வருவியாளா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"நான் வராட்டா," என்றாள், "போற வீட்டுல ஆளு யாருன்னு உங்களுக்கு யாரு சொல்லுவா?"