பவளாயிக்கு ஒரு மலை

பேயோட்ட வந்த கோடாங்கி உடுக்கையை நிறுத்திவிட்டு மூன்றாம் தடவையாக, “யாரு நீ? பேரச் சொல்லு” என்று கேட்டபோது, என் தங்கச்சி அங்கம்மா கண்ணைத் திறக்காமலே “பவளாயி” என்றாள். தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்ற சனமெல்லாம் ஒரேயடியாகப் பின்வாங்கியது. பவளாயி என்று ஒருத்தி இந்த உலகத்தில் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. அவளை உண்டாக்கியவனே நான்தான்.

எனக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். மாதத்தில் ஒரு ஞாயிறு படம் பார்க்கப் பதுளை டவுனுக்கு பஸ் ஏறாவிட்டால் தூக்கம் வராது. மொஹிதீன் நானா கடையில் பழைய பேப்பர்க் கட்டோடு வந்து சேரும் பேய் நாவல்களையும் விடமாட்டேன். பாதிக்கு மேல் அட்டை இருக்காது, முடிவும் கிழிந்திருக்கும். அதனால் என்ன, முடிவை நானே கட்டிக்கொள்வேன். ஆரம்பத்திலேயே பேயின் மூஞ்சியைக் காட்டிவிடுகிற படம் எடுத்தவனைக் கண்டால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருக்கும். பேய் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும்தான் பேய். எவ்வளவு நடுங்கினாலும் கடைசியில் லைட் போட்டதும் எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள் பாருங்கள், அது எனக்கு அவ்வளவு பிடிக்கும். தேயிலை மலையில் தோட்டத் துரைக்குப் பயப்படுகிறோம், அரைநாள் பேர் போட்டுச் சம்பளத்தை வெட்டுகிற கங்காணிக்குப் பயப்படுகிறோம். அதற்கெல்லாம் எவன் லைட் போடுகிறான்?

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பீலியில் துணி துவைக்கிற பெண்களுக்கு, பார்த்த படத்தை வாயாலேயே ஓட்டிக் காட்டுவேன். போன மாதம் பார்த்தது பங்களாப் பேய். பங்களாப் பேய்க்கு லயத்தில் யார் பயப்படுவார்கள்? அதனால் அதைத் தூக்கி எங்கள் ஏழாம் நம்பர் மலையில் வைத்தேன். வெள்ளைக்காரத் துரை காலத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய் மூடுபனியில் காணாமல் போன புள்ளைத்தாச்சி, இன்னும் நிறைந்த கூடையோடு நிற்கிறாள், கொழுந்தை நிறுக்க ஆள் தேடுகிறாள் என்று அளந்தேன். தோட்டத்தில் ஒருத்திக்கும் இல்லாத பெயராகப் பார்த்து பவளாயி என்று வைத்தேன். பெண்கள் துவைப்பதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். அங்கம்மா மட்டும், அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கலாமா என்று விடாமல் கேட்டாள். திரும்பினால் தொலைந்தாய் என்றேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அந்த ஏழாம் நம்பரிலிருந்துதான் போன திங்கட்கிழமை அங்கம்மா மழையில் நனைந்து வந்து படுத்தாள். இன்றோடு ஆறு நாள். தோட்டத்து மருந்துக்காரையா பார்த்துவிட்டு, நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாய்டு, மாதிரி இருக்கிறது, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார். அவள் புருசன் வீரய்யா அந்தத் துண்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுக் கோடாங்கியைக் கூட்டி வந்தான். பயந்த உடம்பில் ஊசி போட்டால் பேய் உள்ளேயே தங்கிவிடுமாம்.

நான் சனத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். “மாப்ளே, அப்படி ஒருத்தி இல்ல. நான் இட்டுக்கட்டுனது. காய்ச்சல்ல அதத்தான் பொலம்புறா” என்றேன். வீரய்யா என்னைப் பார்க்கவே இல்லை. கோடாங்கிதான் பொறுமையாகச் சிரித்தார்.

“இட்டுக்கட்டுனேன்னு நீ நெனைக்கிற தம்பி. அது வெளிய வர வழி தேடி மொதல்ல ஒன் வாயிலதான் வந்திருக்கு.”

படத்தில் இந்த வசனம் வந்திருந்தால் நானே விசில் அடித்திருப்பேன். தலை தலையாக அடித்துக்கொண்டு சொன்னேன், சாமி மேல் சத்தியம் செய்தேன். சொல்லச் சொல்ல, என் மேலும் பேய் இருப்பதாகச் சனம் ஒதுங்கியது. அங்கம்மாவின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. உண்மை எடுபடவில்லை. பொய்தான் எடுபடும் என்று தோன்றியது.

“சாமி, ஒன்னு சொல்லாம விட்டுட்டேன்” என்றேன். “ஆத்தத் தாண்டினா அவ விட்டுருவா. பாலத்துக்கு அங்கிட்டு பதுளைப் பக்கமாக் கொண்டு போகணும்.”

கோடாங்கி யோசித்தார். பிறகு தலையாட்டினார். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிப் போயிருந்தது. கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி அவளைக் கிடத்தினோம். முன்னால் நானும் வீரய்யாவும், பின்னால் லயத்து ஆட்கள் இரண்டு பேர். ஆஸ்பத்திரித் துண்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். பாலத்தைத் தாண்டினால் பெரிய ரோட்டு, ஏதாவது ஒரு லொறி வரும், கையைக் காலைப் பிடித்தாவது ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வழியில் ஒரு தடவை, “அண்ணே, தண்ணி” என்றாள். கையில் பிடித்து உதட்டை நனைத்தேன். மடச்சி, இந்த நிலையிலும் என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

பாலத்தைத் தாண்டியதும் கோடாங்கி இறக்கச் சொன்னார். அவள் உச்சியில் ஒரு பிடி மயிரை அறுத்து, ரோட்டோரச் சவுக்கு மரத்தில் வைத்து ஆணி அடித்தார். அதுவரை முனகிக்கொண்டே வந்தவள் அப்போது பார்த்து ஓய்ந்துபோனாள். பவளாயி அடங்கிவிட்டாள் என்றார் கோடாங்கி. வீரய்யா ஓவென்று அழுதுகொண்டு என் இரண்டு கையையும் பிடித்தான்.

“நீ சொன்னபடியே ஆச்சு மச்சான். தாண்டுனதும் விட்டுட்டா.”

நெற்றியைத் தொட்டேன். ரொட்டி சுடுகிற தகரம் மாதிரி கொதித்தது. கூப்பிட்டேன், இமை அசையவில்லை. ஆஸ்பத்திரி என்றேன். துண்டை எடுத்துக் காட்டினேன். சரியாகிவிட்டவளை ஏன் அங்கே இங்கே அலைக்கழிக்க வேண்டும், மழை வரப் பார்க்கிறது, வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம் என்றான் வீரய்யா. பவளாயிக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி உண்டு, அவளும் இருக்கிறாள் என்று உளறினேன். ஆணி அடித்த பிறகு ஒன்றும் கிடையாது என்றார் கோடாங்கி.

பின்னால் இருந்த இருவரும் கம்பை எடுத்தார்கள். வீரய்யாவும் அவர்கள் பக்கம் போய்த் தோள் கொடுத்தான். முன்பக்கத்து முனையை நான் தோளில் தூக்கிக்கொண்டேன். நான் விடவில்லை. மூன்று பேர் மலைப் பக்கம் இழுத்தார்கள், நான் ஒருத்தன் பதுளைப் பக்கம். நடுவில் கம்பளிக்குள் அவள் தொட்டில் பிள்ளை மாதிரி ஆடினாள்.

“இன்னும் என்னா பயம் மச்சான்? வா” என்றான் வீரய்யா, அவ்வளவு அன்பாக. திரும்பவும் பாலத்துக்கே வந்துவிட்டோம், தூறலில் பலகை நனைந்திருந்தது. என் கால் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வழுக்கிக்கொண்டே போனது.